மூன்றாம் ஓலை: பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சரித்திரக் காதல் நாவல் எழுத

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை. நான் நாவல் எழுதுவது சமையல்கட்டு மேசையில். ஒரு பக்கம் சின்னவனின் கணக்கு நோட்டு, இன்னொரு பக்கம் ஊறப்போட்ட உளுந்து. மேசை காலியானதும் எழுதலாம் என்று நான்கு வருடம் காத்திருந்தேன். காலியாகவே இல்லை. ஒரு நாள் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதத் தொடங்கினேன். இரண்டு நாவல் முடிந்திருக்கிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. எல்லாமே கத்தோலிக்கத் தோட்டக் குடும்பங்களின் காதல் கதைகள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது இளம் தாய்மார் சிலர் கேட்பார்கள்: "அக்கா, எங்களுக்கும் எழுதணும்னு இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" வாசலில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயமா அது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடிச்சு முதலில், கதாநாயகி அப்புறம்

பெரும்பாலோர் கதாநாயகியின் கண்ணிலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எண்பது பக்கம் போன பிறகுதான் அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தது. அழகாக இருந்தாள், ஜெபம் செய்தாள், அழுதாள். அவ்வளவுதான். எண்பது பக்கமும் பழைய பேப்பர்காரரிடம் போனது.

நம் வகைக் கதையில் மூன்று இழை ஓடுகிறது: காதல், விசுவாசம், காலம். மூன்றும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிற முடிச்சு ஒன்றைத் தேடுங்கள். எந்த இழையை உருவினாலும் கதை அவிழ்ந்துவிட வேண்டும். "ஜப்பான்காரன் காலத்தில் இரண்டு பேர் காதலித்தார்கள்" என்பது முடிச்சு ஆகாது. அந்தக் காதலை 1975க்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அப்படியே நடக்கும்.

என் இரண்டாம் நாவலின் முடிச்சைப் பிரித்துக் காட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது நமக்கெல்லாம் தெரியும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் கோயில் முழுக்க ஒரு சின்ன அமைதி விழும். காதல் கதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அது மட்டும் போதவில்லை. வயதான குருவானவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது தெரிந்தது: ஓலை வாசித்து ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு பழைய நாட்காட்டியைப் புரட்டினேன். 1941 டிசம்பர் 7 ஞாயிறு. மறுநாள், அமலோற்பவ மாதா திருநாளன்று, விடியுமுன்னே ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. என் கதாநாயகிக்கு மூன்றாம் ஓலையை அந்த ஞாயிறன்று வாசிக்க வைத்தேன். அது கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம். அதனால் ஆடம்பரக் கல்யாணம் கிடையாது, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துத்தான் நாள் குறித்திருப்பார்கள். அதற்குள் டிசம்பர் கடைசியில் ஈப்போ போய்விட்டது, ஜனவரி 11ல் கோலாலம்பூரும் போய்விட்டது. மாப்பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் எண்ணிப் பாருங்கள்: 1942 ஜூன் 7. அதுவும் ஞாயிறுதான்! அன்றோடு ஓலைக்கு உயிர் போய்விடும். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்காக அவள் மறுபடி ஓலை வாசிக்கச் சொல்லி பங்குச் சாமியாரிடம் போய் நிற்பாளா? பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நல்ல பிள்ளையாக ஒரு கிராணி (தோட்டக் கணக்கர்) வேறு இருக்கிறான். இதற்கு மேல் கதை தானாக நடந்தது.

உங்களுக்கு வேறு முடிச்சு கிடைக்கும். உதவிப் பணம் கொடுத்துத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. ஆள் சேர்க்கும் கங்காணி வழியில் வரவேண்டிய முறைப்பெண் நாகப்பட்டினத்திலேயே நின்றுவிட்டால்? 1948 ஜூன் 16ல் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் பிறந்தது. ஊரடங்குக்குள் நள்ளிரவுக் கிறிஸ்துமஸ் பூசை எப்படி நடக்கும்? கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம், சபை, பெயர்

வருடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். "முப்பதுகளில்" என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. பிறகு அந்த வருடத்தின் ஈஸ்டர் தேதியைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் விபூதிப் புதன், தபசு காலம் என்னும் நோன்பு நாட்களின் தொடக்கம். 1942ல் ஈஸ்டர் ஏப்ரல் 5, விபூதிப் புதன் பிப்ரவரி 18. சிங்கப்பூர் விழுந்தது அதற்கு மூன்று நாள் முன்னால், பிப்ரவரி 15 ஞாயிறு, சீனப் புத்தாண்டு அன்று. நெற்றியில் சாம்பலோடு லயத்துக்குத் திரும்புகிற சனத்தை எழுத எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. இன்னொரு வசதி: பால்மரம் இலை உதிர்ப்பதும் பெரும்பாலும் தபசு காலத்தை ஒட்டித்தான் வரும்.

அடுத்து சபை. 'கிறிஸ்தவக் குடும்பம்' என்று மொட்டையாக எழுதினால் கதாபாத்திரம் வாயைத் திறந்ததும் குட்டு வெளிப்படும். அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் கடவுளைச் சர்வேசுரன் என்பார், இயேசுவைச் சேசுநாதர் என்பார், தேவதூதரைச் சம்மனசு என்பார். பூசைக்குப் போவார், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்காரருக்கு அது ஆராதனை, அதை நடத்தும் போதகர் ஐயர், தபசு காலத்துக்குப் பெயர் லெந்து. அவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. லூத்தரன் குடும்பங்களின் வேர் தரங்கம்பாடி. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியது 1706ல். அந்த வழியில் வந்த ஃபபிரிசியுஸ் வேதாகமத்தில் கடவுளுக்குப் 'பராபரன்' என்று பெயர். 1871ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில்தான் 'தேவன்'. ஒரு கிழவர் ஜெபிக்கும்போது இதில் எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்தே அவர் எந்தக் கோயிலில் வளர்ந்தவர் என்று வாசகருக்குச் சொல்லிவிடலாம். சரியாக எழுத வேண்டுமென்றால் உங்கள் சொந்த சபையிலேயே முதல் நாவலை வைத்துக்கொள்வது நல்லது.

என் முதல் நாவலில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். 1937ல் நடக்கும் பூசையில் சாமியார் மக்களைப் பார்த்து நின்று அழகான தமிழில் திருப்பலி நிறைவேற்றுவதாக இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தேன். புத்தகத்தை வாங்கிய பாட்டி ஒருவர் அடுத்த ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அப்பல்லாம் சாமியார் நமக்கு முதுகைக் காட்டிட்டு லத்தீன்ல இல்ல பூசை வைப்பாரு. நாங்க செபமாலை உருட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்போம்." பூசை தாய்மொழிக்கு மாற வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்ததே 1962லிருந்து 1965 வரை. எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். 'திருப்பலி' என்ற சொல்லும் அந்தக் கதைக்குப் பொருந்தாது, அப்போது பூசைதான்.

பெயர் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. அருளப்பன் என்றால் யோவான், இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், சூசை என்றால் யோசேப்பு. தமிழாக்கிய இந்தப் பெயர்கள் கத்தோலிக்க வீடுகளில் நிறைய. சீர்திருத்த சபை வீடுகளில் தேவசகாயம், ஞானமுத்து, வேதநாயகம், சாமுவேல். தயவுசெய்து 1930ல் யாருக்கும் ஜெனிபர் என்று பெயர் வைக்காதீர்கள்.

தோட்டத்தைத் தோட்டமாக எழுத

இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் மர வரிசையான நிரைக்குப் போய் வெட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கிப் போக வேண்டும். காதலர்கள் எப்போது பேசுவார்கள் என்பது உங்கள் முதல் தலைவலி. வெட்டும் நேரத்தில் பேச முடியாது, மேற்பார்வை செய்யும் மண்டோர் பார்ப்பார். வெட்டி முடித்துப் பால் வடியக் காத்திருக்கும் இடைவெளி இருக்கிறது. இன்னொன்று மழை. விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. கூலியும் இல்லை. அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள், மகளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கும். ஒரே மழை, ஒரே லயம். நான் எழுதியதில் எனக்கே பிடித்த காட்சி அதுதான்.

மணியில் ஏமாந்துவிடாதீர்கள். ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரத்தை தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். பொழுது விடியவே எட்டு தாண்டிவிடும். 1942க்கு அவர்கள் வைத்த ஆண்டு 2602. இன்றைய நம் மணிக்கணக்குகூட 1982ல்தான் வந்தது. எனவே "காலை ஐந்து மணி" என்று எழுதுமுன் எந்த ஐந்து மணி என்று யோசியுங்கள். நான் இப்போதெல்லாம் மணியே போடுவதில்லை. சேவல் கூவியது, பெரட்டு மணி அடித்தது என்று முடித்துக்கொள்கிறேன்.

பணம் என்றால் வெள்ளியும் காசும்தான், 'ரிங்கிட்' கதைக்குள் வரக்கூடாது. 1920களின் கடைசியில் பல இடங்களில் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930 பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது, ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பான் காலத்தில் வாழைமரம் போட்ட நோட்டும் மரவள்ளிக்கிழங்கும். கல்யாணச் சீர் என்று நீங்கள் எழுதும் தொகை இந்தக் கூலியில் எத்தனை மாதம் என்று ஒரு முறை வகுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் முதலில் கொடுத்த சங்கிலியை வாங்க என் கதாநாயகனுக்கு ஏழு வருடம் ஆகியிருக்கும்.

யாரிடம் கேட்பது, எதைப் படிப்பது

பாட்டிகளிடம் "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்மா" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். சின்னதாகக் கேளுங்கள். நான் ஒரு பாட்டியிடம், "கோயிலுக்கு எத்தனை மைல் நடந்தீங்க, காலில் என்ன போட்டீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "செருப்பைக் கையில தூக்கிட்டுப் போவோம். கோயிலுக்கு முன்னால ஒரு வாய்க்கால் இருக்கும், அதுல காலைக் கழுவிட்டு மாட்டிக்குவோம். எங்க அக்காவும் நானும் ஒரே ஜோடிதான். அவ நற்கருணை வாங்கிட்டு வந்து கழட்டிக் கொடுப்பா, நான் போட்டுட்டுப் போவேன்." இந்த ஒரு ஜோடிச் செருப்பு மூன்றாம் நாவலில் முழு அத்தியாயமாகிவிட்டது. கைபேசியில் பதிவு செய்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெயரையும் மாற்றிவிடுங்கள். சின்ன ஊர் இது, யார் வீட்டுக் கதை என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

கோயில் அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கலாம். பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு, அவர் காட்டுவதை மட்டும் பாருங்கள். பழையவை லத்தீனில் இருக்கும், சூசை அங்கே யோசேபுஸ் ஆகியிருப்பார். கல்லறைத் தோட்டத்துக் கற்களும் உதவும். குறிப்பாக ஒரே வருடத்தில் எத்தனை குழந்தைகளின் கல் இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் இருந்தபடியே பார்க்க, சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கில ஏடுகளோடு தமிழ் முரசும் உண்டு. தலைப்புச் செய்தியைவிட விளம்பரத்தைப் பாருங்கள்: என்ன சோப்பு, என்ன துணி, என்ன விலை. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிற இடம் அதுவல்ல, ஒரு நாள் ஒதுக்கித் தனியாகப் போங்கள்.

பிள்ளைகளோடு போகக்கூடியது கோலகங்சார். 1877ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பாகான் செராய்ப் பக்கம் போனால் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்திய சூசைப்பாளையத்தைப் பார்க்கலாம். என் பிள்ளைகளுக்கு இரண்டு பயணத்திலும் ஞாபகம் இருப்பது வழியில் குடித்த செண்டோல் மட்டும்தான். பரவாயில்லை, நான் குறிப்பு எடுத்துவிட்டேன்.

நேரம் எங்கே இருக்கிறது

முடிச்சு கையில் இருந்தால் எழுத்தில் பாதி வேலை மேசைக்கு வெளியே நடந்துவிடும். ஜூன் 7 ஞாயிறு என்பதை நான் கண்டுபிடித்தது பாத்திரம் தேய்க்கும்போதுதான். விரலில் சோப்பு நுரையோடு வாரங்களை எண்ணினேன். அதனால் தினமும் இரவு படுக்கும்போது மறுநாளுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்து வைத்துக்கொள்வேன். 'அவள் சாமியாரிடம் போகும்போது யாராவது பார்த்துவிட்டார்களா?' அந்தக் கேள்வி என்னோடு துணி காயப்போடும், சந்தைக்கு வரும், டியூஷன் வாசலில் மோட்டாரில் உட்கார்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு பதில் வந்துவிடும். மேசையில் உட்காரும்போது யோசிக்க வேண்டியதில்லை, இறக்கி வைத்தால் போதும்.

என் நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஐந்தே முக்கால் வரை. அப்புறம் பசியாற ஏதாவது செய்து, பள்ளி பஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள். நாற்பது வாரத்தில் அறுபதாயிரம் சொல், அது ஒரு நாவல். மிச்சமுள்ள பன்னிரண்டு வாரம் பள்ளி விடுமுறைக்கும் காய்ச்சலுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும். விடுமுறையில் எழுதத் திட்டமிட்டு எழுத முடியாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்த வருடமும் உண்டு. இப்போது திட்டமே போடுவதில்லை. மூன்று வயதுக்குக் கீழே கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு இந்த 300ஐக்கூட நான் சொல்லமாட்டேன். குறிப்பு மட்டும் எடுங்கள், தூங்குங்கள்.

கைபேசியிலேயே எழுதலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போதும். கணினி என்றால் முரசு அஞ்சல். எழுதியதை அன்றன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். என் சின்னவன் விளையாட்டுக்கு இடம் வேண்டுமென்று கைபேசியில் எதையோ அழிக்கப்போய் இரண்டு அத்தியாயம் போயிற்று. அவன் அப்போது ஐந்து வயது, என்ன சொல்ல!

வீட்டுக்காரரிடம் நேராகப் பேசிவிடுங்கள். "நீங்கள் உதவி செய்யுங்கள்" என்றால் ஒன்றும் நடக்காது. "புதன்கிழமை டியூஷனிலிருந்து கூட்டி வருவது உங்கள் வேலை" என்றால் நடக்கும். எங்கள் வீட்டில் நடக்கிறது.

கையைத் தொடுவது எத்தனையாம் பக்கத்தில்

நம் வாசகர்கள் கோயிலில் நம் பக்கத்தில் உட்காருகிறவர்கள். படுக்கையறைக் கதவை மூடிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் காதல் சப்பென்று ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். அவள் நிரையில் கவிழ்ந்து கிடக்கும் மங்குகளை அவளுக்கு முன்னால் யாரோ நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று தெரிய நாற்பது பக்கம் ஆகட்டும். கையைத் தொடுவது நூறாம் பக்கத்தில் வந்தால் வாசகருக்கு மூச்சு நிற்கும்.

ஜெபத்தில் அவசரப்படாதீர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஜெபித்து பதினான்காம் பக்கத்தில் பதில் வந்துவிட்டால், இருபது வருடமாக ஒரே விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நவநாள் செய்யும் பெண் உங்கள் புத்தகத்தை மூடிவிடுவாள். கதாநாயகி கோபப்படட்டும், ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போகாமலும் இருக்கட்டும். இன்னொன்று, பக்கத்து லயத்து இந்துக் குடும்பத்தை வில்லனாக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாக் கூழை எல்லோரும்தான் குடித்தார்கள், கிறிஸ்துமஸ் முறுக்கும் எல்லா வீட்டுக்கும்தான் போயிற்று. கடைசி அத்தியாயத்தில் ஒருவரை மதம் மாற்றி எல்லாச் சிக்கலையும் தீர்ப்பது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. அப்படி ஒருவர் மாறுகிறார் என்றால் அதுவே தனி நாவல்.

அச்சுக்குப் போகும்போது

முதலில் சிறுகதை எழுதி நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளுக்கு அனுப்பிப் பழகுங்கள். நாவலைப் பெரும்பாலும் நம் சொந்தக் காசில்தான் போட வேண்டியிருக்கும். பன்னாட்டுப் புத்தக எண்ணை (ISBN) மலேசியத் தேசிய நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், அச்சானதும் சட்டப்படி அவர்களுக்குப் பிரதிகள் அனுப்ப வேண்டும். முதல் முறை 300 பிரதிக்கு மேல் போகாதீர்கள். நான் 500 போட்டேன். அதில் ஒரு கட்டில் பக்கங்கள் முன்பின்னாகக் கோத்து வந்திருந்தன, கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்க வந்தார்கள். மாதிரிப் பிரதியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக அடிக்கச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

விற்பனை கோயில் வாசலில்தான். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு மேசை போடுங்கள். ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு உறவினர் யாராவது போவார்கள், அவர்கள் கையில் பத்து பிரதி கொடுத்து விடலாம். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் ஐம்பது வெள்ளி நோட்டைத்தான் நீட்டுவார்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பாட்டிமார் புத்தகத்தைப் புரட்டியபடியே "இது இப்படி இல்லம்மா" என்று தொடங்குவார்கள்.